மண்ணைப் பிழிந்து சுவர் எழுப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்வீடுகளைப் பற்றி நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பலரும் ஒரே படத்தை அனுப்பிக் கேட்கிறார்கள். வெட்டவெளியில் குளவிக்கூடு மாதிரி இரண்டு மண் குவிமாடங்கள். சுவர் முழுக்க வரிவரியாகக் கோடுகள். பக்கத்தில் கிரேன் போல ஓர் இயந்திரம். குழைத்த மண்ணை வரிவரியாகப் பிழிந்து சுவரை அச்சிடும் இயந்திரம் அது, 3டி பிரிண்டிங் என்பார்கள். "இது நிஜமா? நம்ம ஊரில் கட்ட முடியுமா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். தனித்தனியாகச் சொல்லி வந்ததை எல்லாம் இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

படத்தில் இருப்பது மண்தானா? உள்ளே சிமெண்ட் சுவர் இருக்கிறதா?

மண்தான். அந்த வீட்டின் பெயர் டெக்லா. இத்தாலியில் ராவென்னா பக்கத்தில் மாஸ்ஸா லொம்பார்தா என்ற ஊரில் 2021இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தது மரியோ குச்சினெல்லாவின் கட்டடக்கலை அலுவலகம். இயந்திரத்தைச் செய்து ஓட்டியது வாஸ்ப் என்ற நிறுவனம். வாஸ்ப் என்றால் குளவி. மாஸ்ஸிமோ மொரெத்தி 2012இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டும் குளவியை மனதில் வைத்துத்தான் பெயரிட்டார். ஜன்னல் மூலையில் குளவி கூடு கட்டினால் நல்லது நடக்கும் என்று கலைக்காமல் விடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்கவே வேண்டாம்.

டெக்லா சுமார் 60 சதுர மீட்டர். இரண்டு இயந்திரக் கைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே நேரத்தில் வேலை செய்து கட்டின. 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக 350 வரிகள். பெருக்கினால் 4.2 மீட்டர் உயரம். பிழிந்த மண் இழையின் மொத்த நீளம் 150 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து புதுச்சேரி வரை. 60 கன மீட்டர் இயற்கைப் பொருள், 200 மணி நேர வேலை. மின்சாரம் சராசரியாக 6 கிலோவாட்டுக்குள் என்கிறார்கள். கணக்குப் போட்டால் மொத்தம் 1,200 யூனிட்டுக்குள்தான் வருகிறது. ஒரு வீட்டின் சுவரும் கூரையும் எழும்ப இவ்வளவுதான் மின்சாரம் என்பதை முதலில் படித்த அன்று நான் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் அச்சிட்ட வீடும் இதேதானா?

இல்லை. 2021இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் கட்டிய 600 சதுர அடி வீடு கான்கிரீட் வகை. இரண்டுமே பிழிந்து கட்டுவதுதான், ஆனால் பொருளின் குணம் வேறு. சிமெண்ட் தண்ணீரோடு வினை புரிந்து கல்லாகிறது. ஒருமுறை இறுகினால் அதோடு முடிந்தது. மண் அப்படி இல்லை. தண்ணீர் வற்ற வற்ற இறுகும், மறுபடி தண்ணீர் பட்டால் இளகும். மண்ணின் எல்லாத் தொல்லையும் எல்லா நன்மையும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழாயில் போய் நாசிலில், அதாவது பிழியும் முனையில், வழுக்கி வர வேண்டும் என்பதற்காக அச்சிடும் கான்கிரீட்டில் பெரிய ஜல்லி போட மாட்டார்கள். அதனால் சாதாரண கான்கிரீட்டைவிடச் சிமெண்ட் கூடுதலாகவே சேரும். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. இயந்திரம் வைத்துக் கட்டுவதாலேயே ஒரு வீடு பசுமை வீடாகிவிடாது. உள்ளே எதைப் பிழிகிறோம் என்று பார்க்க வேண்டும்.

இயந்திரம் எப்படித்தான் வேலை செய்கிறது?

முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு மண், அச்சு நாசில். கையால் அமுக்குவதற்குப் பதில் திருகுப் பம்போ பிஸ்டனோ தள்ளுகிறது. உரலைப் பிடித்துச் சுற்றும் கைக்குப் பதில் இயந்திரக் கை. கம்ப்யூட்டரில் வரைந்த சுவரை ஒரு மென்பொருள் மெல்லிய வரிகளாக நறுக்கி, நாசில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று கட்டளைகளாக எழுதிக் கொடுக்கும். இயந்திரம் அதன்படி போகும். அவ்வளவுதான்.

நம்மூர்க் குயவர் பெரிய குதிர் செய்வதைப் பார்த்திருந்தால், மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி உயர்த்துவார். அதே முறைதான் இது. கேமரூன் நாட்டில் முஸ்கும் மக்கள் கையாலேயே, அச்சு எதுவும் இல்லாமல், மண்ணை வரிவரியாக ஏற்றிக் குவிமாட வீடுகள் கட்டியிருக்கிறார்கள். இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வடிவம் இருந்தது.

அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது?

பதத்தில்.

மண் இளகலாக இருந்தால் நாசிலில் அழகாக வரும். ஆனால் பத்துப் பதினைந்து வரி ஏறியதும் மேல் பாரம் தாங்காமல் கீழ்வரி பிதுங்கும். கெட்டியாக இருந்தால் சுவர் நிற்கும், ஆனால் குழாய் அடைத்துக்கொள்ளும், இழை விட்டு விட்டு வரும், வரிக்கும் வரிக்கும் ஒட்டாது. தள்ளும்போது இளகி, வெளியே வந்து உட்கார்ந்ததும் விறைத்துக்கொள்ளும் மண்தான் வேண்டும். களிமண் துகள்கள் சின்னச் சின்னத் தட்டுகள். நடுவே தண்ணீர்ப் படலம். தள்ளினால் தட்டுகள் வழுக்கும், நின்றால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எனவே அந்தக் குணம் மண்ணிலேயே இருக்கிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஊறல் என்பதில்தான் அது வெளிப்படுகிறது.

ஒரு பயிற்சிப் பட்டறையில் நான் பட்டதைச் சொல்கிறேன். மேசைமேல் வைக்கும் சின்ன இயந்திரம்தான். கண்மாய்க்கரையில் எடுத்த மண்ணைச் சலித்து, மணல் சேர்த்து, காலையில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து மதியமே போட்டோம். முதலில் ஒரு புல் வேர் வந்து நாசிலை அடைத்தது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் பதினாலாவது வரியில் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. தண்ணீரைக் குறைத்தோம், அடைத்தது. கூட்டினோம், மறுபடி சாய்ந்தது. மண் சலிக்க வந்த ஒரு பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். இளவயதில் சுவர் வைக்கும் வேலைக்குப் போனவர். ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். "இது இன்னும் தண்ணி குடிக்கல தம்பி. உள்ளுக்குள்ள கட்டி கட்டியா கெடக்கு. மிதிச்சு மூடி வச்சுட்டு நாளைக்குப் பாருங்க" என்றார். ஈரச்சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். மறுநாள் அதே மண், அதே அளவு தண்ணீர். சுவர் ஒரு முழ உயரம் ஏறி நேராக நின்றது. களிமண்ணின் உள்ளே தண்ணீர் சமமாகப் பரவ ஒரு ராத்திரி பிடிக்கும். மண்ணைப் புளிக்க வைப்பது என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

எந்த மண் ஆகும்? எங்கள் தோட்டத்து மண்ணைப் பயன்படுத்தலாமா?

மேல்மண் ஆகாது. வேரும் மக்கும் இருக்கும். அது பயிருக்கு உரியது, அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணை எடுங்கள்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி படிய ஒரு நாளாவது ஆகும். மூன்று பட்டைகளும் தெளிவாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

அடுத்தது சுருக்கச் சோதனை. 60 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை நிரப்பி, நிழலில் காய வையுங்கள். காய்ந்த மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் இடைவெளி தெரியும். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் மணலோ நாரோ கூட்டியாக வேண்டும். இயந்திரத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர்கள், அதற்கு முன்னால் இந்தப் பெட்டியைச் செய்துவிடுங்கள். ஆசாரியிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்.

செம்மண் பொதுவாக நம்பிக்கையான மண். கரிசல் மண் ஈரத்தில் ஊதி, வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதை அப்படியே பிழிந்து கட்டுவது வேண்டாம். சுண்ணாம்பு சேர்த்து அடக்கலாம், ஆனால் அது தனி வித்தை.

வைக்கோல், சாணி எல்லாம் இதில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். வாஸ்ப் 2018இல் மாஸ்ஸா லொம்பார்தாவிலேயே கட்டிய கையா என்ற 30 சதுர மீட்டர் வீட்டின் கலவையைப் பாருங்கள்: அந்த இடத்து மண் 25 சதவீதம், நறுக்கிய வைக்கோல் 40, உமி 25, நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு 10. மண் கால்பங்குதான்! மிச்சத்தில் பெரும்பகுதி நெல் வயலிலிருந்து வந்தது. களத்துமேட்டில் வைக்கோலும், அரிசி ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்த உமியும் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நார் இரண்டு வேலை செய்கிறது. காயும்போது மண் இழுக்கிற இழுப்பைத் தாங்கி, ஒரு பெரிய வெடிப்பாக விடாமல் மயிரிழைக் கீறல்களாகப் பிரித்துவிடுகிறது. ஈரம் வெளியேறவும் உதவுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கையால் சுவர் வைக்கும்போது முழ நீள வைக்கோல் நல்லது. நாசிலுக்கு அது ஆகாது, விரற்கடை நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். சாணி இழைக்கு வழுவழுப்பும் பிடிப்பும் கொடுக்கும், என் அனுபவத்தில் பூச்சுக்கு இன்னும் நல்லது.

பார்சிலோனாவை ஒட்டிய மலைக்காட்டில், வால்டாவுரா என்ற இடத்தில், அங்குள்ள கட்டடக்கலைப் பள்ளி ஒன்று டோவா என்ற சிறு கட்டடத்தை 7 வாரத்தில் அச்சிட்டது. சுற்றிலும் 50 மீட்டர் தூரத்துக்குள் கிடைத்த பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். மழைக்குப் பாதுகாப்பாகக் கற்றாழையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பூச்சைப் பூசியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து, முட்டையும் கடுக்காயும் போட்ட பூச்சு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள், இதைப் படித்ததும் ஒரு நிமிடம் நிறுத்தத்தான் செய்வார்கள்.

சுவர் ஏன் நேராக இல்லாமல் நெளிந்து நெளிந்து போகிறது? அழகுக்கா?

அழகும்தான், ஆனால் காரணம் அதுவல்ல. ஈரமண்ணில் நேரான மெல்லிய சுவரை எழுப்பினால் பக்கவாட்டில் சாயும். ஒரு தாளை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள், விழும். அதையே விசிறி மடிப்பாக மடித்து நிறுத்தினால் நிற்கும். அதே தத்துவம். அல்லது தோல் போல மெல்லிய இரண்டு சுவர்களைப் பிழிந்து, நடுவே பாம்பு போல நெளியும் ஓர் இழையால் இணைப்பார்கள். நடுவில் வரும் வெற்றிடம் குழாய்க்கும் ஒயருக்கும் ஆகும். கையா வீட்டில் அந்த இடைவெளியில் உமியை நிரப்பினார்கள், வெப்பத் தடுப்புக்காக.

கையால் நெளிசுவர் எழுப்பக் கொத்தனாருக்கு அதிக நேரமும் கூலியும் ஆகும். நூல் பிடித்துக் கட்டுவது சுலபம், வளைவு கஷ்டம். இயந்திரத்துக்கு நேர்கோடும் வளைவும் ஒன்றுதான். உண்மையில் எனக்கு இதில் பெரிதாகப் படுகிற லாபம் வேகம்கூட அல்ல, இதுதான். கொஞ்ச மண்ணில் பலமான வடிவம் கிடைக்கிறது.

மழையில் கரையாதா? நம்ம ஐப்பசி கார்த்திகை அடைமழை தாங்குமா?

பாதுகாப்பில்லாமல் விட்டால் கரையும். இதை மழுப்பிச் சொல்வது தப்பு.

மண்சுவருக்கு இரண்டு இடத்தில் ஆபத்து: தலையும் காலும். மேலே தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, கீழே தெறிப்பும் தரை ஈரமும் ஏறக் கூடாது. எங்கள் அப்பத்தா வீட்டில் பேஸ்மட்டம் இடுப்பளவு கருங்கல். இறவாரம் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி இறங்கியிருக்கும், திண்ணை முழுக்க அதன் நிழலுக்குள். அடைமழையிலும் சுவர்மேல் தண்ணீர் விழுந்து நான் பார்த்ததில்லை. மார்கழியிலும் தைக்கு முன்னாலும் சாணி மெழுகி, சுண்ணாம்பு அடிப்பார்கள். மாலி நாட்டின் ஜென்னே மசூதியை இப்போதுள்ள வடிவில் 1907இல் எழுப்பினார்கள். ஊர் முழுக்கக் கூடி ஆண்டுதோறும் அதற்கு மண் பூசி, அதைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறது. இயந்திரம் பிழிந்த சுவரும் இதே மண்தான். பேஸ்மட்டமும் இறவாரமும் வருடாந்தரப் பூச்சும் அதற்கும் வேண்டும்.

கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பிழிந்த சுவரில் வரிக்கு வரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். படத்தில் அழகாகத் தெரிவது அதுதான். சாரல் அடிக்கும் ஊரில் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தங்கும். வறண்ட ஊரில் வரிகளை அப்படியே காட்டலாம். நம் கடலோரத்தில் வெளிப்பக்கம் பூசி மூடுவதுதான் புத்தி. படத்தில் பார்த்த அழகு போய்விடுமே என்று வருத்தப்படுபவர்கள், உள்பக்கச் சுவரை அப்படியே விட்டுக்கொள்ளலாம்.

சிமெண்டோ சுண்ணாம்போ கொஞ்சம் கலந்தால் தண்ணீர் பயம் குறையுமே?

குறையும். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989இலிருந்து இதைத்தான் கற்றுக் கொடுக்கிறது: மண்ணில் 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து அழுத்திய, சுடாத மண்கல். நிறைய கட்டடங்கள் நின்று காட்டியிருக்கின்றன. ஆனால் சேர்த்தால் அந்த மண் திரும்ப வெறும் மண்ணாகாது, இடித்தால் ஊறவைத்து மறுபடி குழைக்க முடியாது. இயந்திரத்துக்கும் ஒரு தொந்தரவு: சிமெண்ட் கலந்த கலவை குழாய்க்குள்ளேயே இறுகத் தொடங்கும், வேலையை நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. வெறும் மண் என்றால் ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு நாளைக்கு வரலாம். அடிச்சுவரின் முதல் சில அடிக்கு மட்டும் சுண்ணாம்பு கூட்டி, மேலே வெறும் மண்ணில் போவது நல்ல நடுவழி என்பது என் எண்ணம்.

கூரையையும் இயந்திரமே போடுமா?

டெக்லாவில் போட்டது. ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிட ஒரு நூல் உள்ளே தள்ளி வைத்து, குவிந்து வந்து மேலே வெளிச்சத்துக்கு ஒரு வட்டத் திறப்போடு முடித்தார்கள். அப்படிக் குவிக்கும்போது கீழே உள்ள வரி ஓரளவு காய்ந்திருக்க வேண்டும், அதே சமயம் மேல்வரி ஒட்டுகிற அளவுக்கு ஈரமும் இருக்க வேண்டும். கையாவிலும் டோவாவிலும் மரக்கூரை. நமக்கு மண் குவிமாடத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மழை நேராகத் தலையில் விழும் இடத்தில் மண்ணை வைப்பதற்கு நம் வானிலை இடம் தராது. ஓடு வேய்ந்த மரச்சட்டக் கூரையே போதும்.

எத்தனை மாடி கட்டலாம்? பலம் எப்படி?

தரைத்தளம் மட்டும். யேமனின் ஷிபாம் நகரில் மண்கல்லால் கட்டிய ஏழு மாடி வீடுகள் நிற்பது உண்மைதான். ஆனால் அங்கே அடிச்சுவர் வெகு தடிமன், மழை மிகக் குறைவு. சாதாரண மண்சுவரின் அமுக்கத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 1 முதல் 3 நியூட்டன். நாம் வீட்டுக்குப் போடும் எம்20 கான்கிரீட்டுக்கு 20. வித்தியாசம் பெரிது என்றாலும், தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டின் பாரத்துக்குத் தடிமனான மண்சுவர் தாராளமாகப் போதும்.

நிலநடுக்கம் வேறு கதை. மண்சுவர் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. 2003இல் ஈரானின் பாம் நகரில் பழைய மண்கோட்டையும் மண்வீடுகளும் நொறுங்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13827, மண் கட்டடங்களுக்குக் குறுக்குப் பட்டைகளும் மூலைக் கட்டுகளும் எப்படிப் போட வேண்டும் என்று சொல்கிறது. பிழிந்த சுவரில் வரிகளுக்கு நடுவே மூங்கிலோ கம்பியோ வைக்க வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்தி ஆள்தான் வைக்க வேண்டும். வெற்றிடக் குழிகளில் செங்குத்தாக நிறுத்தலாம். இதைத் தெரிந்த பொறியாளர் ஒருவர் கையெழுத்து இல்லாமல் குடியிருக்க வீடு கட்டாதீர்கள்.

கரையான்?

கல் பேஸ்மட்டமும், அதற்கு மேல் சுண்ணாம்பு கூடிய ஒரு அடுக்கும் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மரம் மண்ணோடு நேராக உரசும் இடங்களை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குளுகுளு என்று இருக்குமா?

மண்சுவர் வெப்பத்தைத் தடுப்பதைவிட வாங்கி வைத்துக்கொள்கிறது. முழ அகலச் சுவரில் நண்பகல் வெயில் உள்ளே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி குளிரும் ஊரில் இது வரம். ராத்திரியும் புழுங்கும் சென்னை மாதிரிக் கடலோரத்தில் லாபம் குறைவு, காற்றோட்டம்தான் முக்கியம். உமி நிரப்பிய இரட்டைச்சுவர் இரண்டுக்கும் உதவும்.

செலவு எவ்வளவு ஆகும்? 900 யூரோவில் வீடு என்று படித்தேனே?

அது கையா வீட்டின் சுவர்ப்பொருளுக்கு மட்டும் ஆன செலவு. 40 சென்டிமீட்டர் தடிமன் சுவர், 10 நாள் வேலை, பொருள் 900 யூரோ. இயந்திரம், ஆட்களின் சம்பளம், கூரை, ஜன்னல் எல்லாம் அதில் இல்லை. எந்த வீட்டிலும் சுவர் என்பது மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், பணம் கரைவது தேக்கிலும் டைல்ஸிலும் பாத்ரூமிலும்.

ஒரே ஒரு வீட்டுக்காக இயந்திரம் கொண்டுவந்தால் இன்றைக்கு நம் ஊரில் கட்டுப்படியாகாது. ஒரே இடத்தில் இருபது முப்பது வீடு, அல்லது வடிவம் சிக்கலான ஒரு பொதுக்கட்டடம் என்றால் யோசிக்கலாம். இயந்திரம் எளிதாகிக்கொண்டும் வருகிறது. அமெரிக்காவில் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், ரொனால்டு ரேயெல், வர்ஜீனியா சான் ஃபிராட்டெல்லோ இருவரும் 2019இலிருந்து பயன்படுத்துவது இரண்டு பேர் தூக்கிப் போகிற அளவுள்ள இயந்திரம். பச்சை மண்கல்லில் வீடு கட்டுவது அந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம், ரேயெல் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். 2020இல் அங்கே படுக்க, குளிக்க, அடுப்பெரிக்க என மூன்று அறைகளாகக் காசா கோவிடா என்ற மண்வீட்டை அச்சிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. இயந்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதற்காகச் செய்ததாகத் தெரியவில்லை. ஊர் மண்ணுக்கும் ஊர் வழக்கத்துக்கும் இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள்.

பிழிவதைத் தவிர வேறு முறை உண்டா?

உண்டு. பிழிவதற்கு மண் இளகலாக இருக்க வேண்டும், இளகல் என்றால் தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகம் என்றால் சுருக்கமும் காய்வதற்கான காத்திருப்பும் அதிகம். இதைத் தவிர்க்க சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தில் வேறு வழியில் போகிறார்கள். 2021இல் பெர்ன் நகரில் அவர்கள் எழுப்பிய வட்டக் கட்டடத்தில், 30,000க்கும் மேற்பட்ட பச்சைமண் உருளைகளை ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அமுக்கியது. 5 மீட்டர் உயரம், சுவர் 15 சென்டிமீட்டர்தான். அப்புறம், கெட்டியான மண் உருண்டைகளை நொடிக்கு 10 மீட்டர் வேகம் வரை வீசி அடித்துச் சுவர் எழுப்பும் முறையையும் செய்து காட்டினார்கள். வேகமாக மோதுவதால் உருண்டை தானே அமுங்கிக் கீழ்மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. சிமெண்ட் வேண்டியதில்லை.

அப்படி உருண்டையை வீசும் காணொளி ஒன்றை என் அம்மாவுக்குக் காட்டினேன். "கொத்தனார் மண்ணுருண்டைய ஓங்கி அடிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். சுவர் வைக்கிறவர் உருண்டையைக் கையால் வாங்கி மெதுவாக வைக்க மாட்டார். படீர் என்று அறைந்துதான் வைப்பார். அந்தச் சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கொத்தனார், சித்தாள் வேலையெல்லாம் போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை. சுவர் எழுப்பும் வேலையில் ஆள் குறையும், உண்மை. மண் வெட்ட, சலிக்க, மிதிக்க, நிலை வைக்க, பூச, மெழுக, கூரை போட ஆள் வேண்டும். ஆனால் அதைவிட எனக்குக் கவலை வேறு. மண்சுவர் வைக்கத் தெரிந்தவர்கள் இயந்திரம் வருவதற்கு முன்பே வேலை இழந்துவிட்டார்கள். மண்வீடு என்றால் ஏழ்மை என்று நாமே முடிவு கட்டியதால் வந்த வினை அது. விரலால் தேய்த்துப் பதம் சொன்ன அந்தப் பாட்டிக்குப் பட்டறையில் கொடுத்தது மண் சலிக்கிற கூலி. இயந்திரம் ஓட்டியவருக்குக் கிடைத்தது அதைப்போலப் பல மடங்கு. இந்தத் தொழில் இங்கே வேர்விட வேண்டுமென்றால் பதம் பார்ப்பவருக்கு இயந்திரம் ஓட்டுபவருக்குச் சமமான சம்பளமும் பெயரும் கிடைக்க வேண்டும். சென்சார் வைத்து ஈரத்தை அளக்கலாம், செய்கிறார்கள். ஆனால் மழை பெய்த மறுநாள் எடுத்த மண்ணுக்கும் சித்திரையில் எடுத்த மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இன்றைக்கும் பழகிய கைதான் வேண்டியிருக்கிறது.

இப்போதே நான் கட்ட ஆசைப்பட்டால் எங்கிருந்து தொடங்குவது?

குடியிருப்பு வீட்டிலிருந்து தொடங்காதீர்கள். நம் தரநிலைகளில் ஐ.எஸ். 1725 உறுதியூட்டிய மண்கல்லுக்கானது, மேலே சொன்ன ஐ.எஸ். 13827 கையால் கட்டும் மண்சுவர்களுக்கு எழுதியது. பிழிந்து கட்டும் சுவர் இரண்டிலும் இல்லை. வங்கிக் கடன், அனுமதி என்று போனால் இந்தக் கேள்வி வரும். தோட்டத்துக் கொட்டகை, திண்ணை, காம்பவுண்டுச் சுவரின் ஒரு துண்டு, கோழிக்கூண்டு, இப்படி ஏதாவது ஒன்று. அது இரண்டு மழைக்காலம் பார்க்கட்டும்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மண்ணைச் சலித்து, குழைத்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள். தடிமனான பால் கவரின் ஒரு முனையைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, மருதாணிக் கோன் மாதிரி மண்ணை நிரப்பி, பலகைமேல் கைப்பிடி அளவு வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பிழியுங்கள். எத்தனையாவது வரியில் சாய்கிறது என்று எண்ணுங்கள். மணல், உமி, தண்ணீர் ஒவ்வொன்றையும் மாற்றி, ஒவ்வொரு வட்டத்தின் அடியிலும் அளவை எழுதி வையுங்கள். நிழலில் காய்ந்ததும் எது வெடித்தது, எது வெடிக்கவில்லை என்று உங்கள் மண்ணே காட்டும்.

வேண்டாம் என்று ஒருநாள் இடித்தால்?

சிமெண்டோ சுண்ணாம்போ சேர்க்காத சுவராக இருந்தால் கூரையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நாலு நாளில் மண்ணாகிவிடும். சலித்து மறுபடி பிழியலாம், இல்லையென்றால் எடுத்த குழியிலேயே கொட்டி மூடிவிடலாம். எங்கள் அப்பத்தா வீட்டை இடித்தபோது லாரி எதுவும் வரவில்லை. சுவர் இருந்த இடத்தில் அடுத்த வருடம் அவரை போட்டார்கள்.